ஆறு போல்ட்டும் ஒரு கையெழுத்தும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டீவனுக்குக் கடைசி மேஜை. கம்பியாக உள்ளே வந்து போல்ட்டாக வெளியே போகிற எதுவும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒட்டிய சிவப்புச் சீட்டுகளைக் கொண்டு எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் ரோட்டோரம் தோரணம் கட்டலாம் என்று கேன்டீனில் சொல்வார்கள். முதலாளிக்கு இதில் வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு. வருத்தத்தை மாதக் கூட்டத்தில் சொல்வார். பெருமையை, வெளியூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும்போது ஸ்டீவனின் தோளில் கைபோட்டுக் காட்டுவார்.

ஸ்டீவனின் அப்பா ஜோசப் எளாவூர்ப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். சிப்காட் வந்தபோது இந்தக் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவருக்கு மண் சுமந்தார். மகன் பத்தொன்பது வயதில் அந்தச் சுவருக்கு உள்ளே போனான். ஒரு தகரத் தட்டில் போல்ட்டைக் கொட்டி, கெட்டதைப் பொறுக்கி எறிவதுதான் முதல் வேலை. ஆறே மாதத்தில் அவன் கண் மற்றவர்கள் கண்ணைவிடக் கூர்மையானது என்று தெரிந்துபோயிற்று. சிரமம் என்னவென்றால், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடவில்லை.

அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் ஒரு படிக்கு ஒரு மணி நேரம் எடுப்பார். கோணலாக இருக்கிற அரிசியையும் ஒதுக்கிவிடுவார் என்று மனைவி கிரேஸ் சொல்வாள். அவளைப் பெண் பார்க்க அவர் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவையும் ஒன்றும் சொல்லாமல் எழுந்தபோது, கிரேஸே வாசலுக்கு வந்து, இன்னும் பார்க்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஏஞ்சலின். டிப்ளமோ முடித்துவிட்டு, சிப்காட்டிலேயே கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எளாவூரில் நான்கு பெண்கள்தான் ஏறுகிறார்கள் என்று அந்தக் கம்பெனி தன் பஸ்ஸைக் கும்மிடிப்பூண்டி பஜாரோடு திருப்பிவிட்டது. இனி பைக் இல்லாமல் முடியாது என்று ஏஞ்சலின் சொன்னாள். ஓட்ட ஏற்கெனவே தெரியும் என்றும் சொன்னாள். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஸ்டீவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் ஒரு அதிர்ச்சி குறைந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஸ்டீவனின் கம்பெனி சைக்கிள் ஷெட்டில் ஒரு ஏலம் வந்தது. வேலையை விட்டுப்போன ஒரு என்ஜினியர் ஐந்து வருஷமாக எடுத்துக்கொண்டு போகாத நூற்றைம்பது சிசி பைக். சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேர் ஏலம் கேட்கக் கூடினார்கள். ஸ்டீவன் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை 'த்சு' கொட்டினார். அதைக் கேட்டு ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஸ்டீவனே த்சு கொட்டுகிறார் என்றால் வண்டியில் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்தார்கள். அவர் த்சு கொட்டியது பெட்ரோல் டேங்கில் இருந்த ஒரு கீறலுக்கு. கடைசியில் அவர் ஒருவர்தான் நின்றார். ஆரம்ப விலைக்கே வண்டி கிடைத்தது.

செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், அன்பு என்ற மெக்கானிக்கின் கடை. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போய் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், செயின், டயர், கேபிள் எல்லாவற்றையும் ஸ்டீவன் ஒரே நாளில் தேர்ந்தெடுத்துவிட்டார். அன்பு எதைக் காட்டினானோ அதற்குத் தலையாட்டினார். தனக்குத் தெரியாத பொருளை நம்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இரண்டு மாதத்தில் வண்டி எழுந்து நின்றது. என்ஜின் ஓடியது. முன்சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கை மாட்டுவது மட்டும் பாக்கி. அதற்கு ஆறு போல்ட் வேண்டும்.

பழைய போல்ட்டுகள் துருவேறி, திருகும் சாவி நுழைகிற தலைக்குழி தேய்ந்து, ஒன்றை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மீதி ஐந்தையும் துடைத்து, இன்னொன்றைச் சேர்த்து மாட்டிவிடலாம் என்றான் அன்பு.

"இந்த ரோட்டுல போற பாதி வண்டி அப்டிதாண்ணா ஓடினுக்குது."

"மீதி பாதிக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார் ஸ்டீவன்.

அன்பு பஞ்சர் டியூப் ஒன்றைக் கையில் எடுத்தான். ஸ்டீவன் விடவில்லை. லீவரை அழுத்தினால் வண்டியையும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற ஆளையும் நிறுத்துகிற மொத்த பலமும் டிஸ்க் வழியாக இந்த ஆறு போல்ட்டில்தான் வந்து விழுகிறது என்று அவர் விளக்கினார். கழற்றியதைத் திரும்ப மாட்டவே கூடாது என்றார். அளவு, உறுதி, தலையின் உயரம், மரை தொடங்குகிற இடம், மரையில் தடவியிருக்க வேண்டிய பசை என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். அன்பு நடுவில் ஒரு பஞ்சரை ஒட்டி முடித்துவிட்டான்.

தேடல் கும்மிடிப்பூண்டி பஜாரில் சின்னதுரையின் ஹார்டுவேர் கடையில் தொடங்கியது. சின்னதுரை பளபளவென்று ஆறு ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினார். என்ன கிரேடு என்று ஸ்டீவன் கேட்டார். மின்னுகிறதே, தெரியவில்லையா என்று சின்னதுரை கேட்டார். மின்னுவது வேறு, தாங்குவது வேறு, துருப்பிடிக்காத எஃகு இந்த வேலைக்கு மெத்தென்று இருக்கும் என்று ஸ்டீவன் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னதில், வரிசையில் நின்ற இரண்டு பேர் வாங்க வந்ததை வாங்காமல் போனார்கள். அதற்குப் பிறகு அவர் தலையைப் பார்த்தாலே சின்னதுரை கடைக்குள் போய்விடுவார்.

ஏஞ்சலின் தன் பங்குக்குப் போனில் ஒரு செட் வரவழைத்தாள். நீலமும் பொன்னிறமும் கலந்த போல்ட்டுகள். டைட்டானியம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஸ்டீவன் ஒன்றை வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, சாவியால் ஒரு முறுக்கு முறுக்கினார். தலை கழன்று கையோடு வந்தது. உடைந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று அலுமினியம். மீதி ஐந்தையும் கிரேஸ் எடுத்து ஜன்னல் திரைக் கம்பிக்கு அழகாகப் பொருத்திக்கொண்டாள்.

கடைசியில், வண்டி செய்த கம்பெனியின் அசல் உதிரிபாகத்தையே வாங்குவது என்று முடிவு செய்து, ஒரு விடுமுறை நாளில் சென்னை வழியாக ரயில் மாறித் திருவள்ளூருக்குப் போனார். மணவாள நகரில் பெரிய ஸ்பேர்ஸ் கடை. முத்திரை குத்திய பாக்கெட், மினுங்கும் ஸ்டிக்கர், உள்ளே ஆறு போல்ட், மரையில் நீலப் பசை. பார்த்ததுமே ஸ்டீவனுக்கு மனசு குளிர்ந்தது. இதுதான் போல்ட் என்று கடைக்காரரிடமே சொன்னார். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைக்கூடத் தொடாமல், பாக்கெட்டைக் கிழித்து ஒன்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார்.

போல்ட்டின் தலையில் இரண்டு சின்ன எழுத்துகள் இருந்தன. அவருடைய கம்பெனியின் எழுத்துகள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதமாக ஊரெல்லாம் தேடி, ரயில் மாறிப் போய் வாங்கியது தன் மேஜையிலிருந்து புறப்பட்ட பொருள்தான். கிரேஸைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் கண் வழக்கம்போலப் பாக்கெட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. வாங்குகிறவர் யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஏழு இலக்க எண் ஒன்று அச்சாகியிருந்தது. அது எந்த லாட், அதாவது ஒரே தடவையில் செய்த எந்தத் தொகுதி, என்பதைச் சொல்லும் எண். படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த எண் அது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. போல்ட்டுக்குப் பூச்சு பூசிய நாலு மணி நேரத்துக்குள் அதைச் சூளையில் வைத்துச் சுட்டாக வேண்டும். சுடாவிட்டால் பூச்சின்போது உள்ளே புகுந்த வாயு தங்கிவிடும். போல்ட் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். முறுக்கிய பிறகு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, யாரும் தொடாமலே தலை தெறிக்கும். அந்த லாட்டில் சூளை பழுதாகி, ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் சுட்டார்கள். நாற்பதாயிரம் போல்ட். ஸ்டீவன் சிவப்புச் சீட்டு ஒட்டினார். முறைப்படி ஐந்தை எடுத்து முறுக்கி வைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரம் ஆனபோது ஐந்தும் நன்றாகவே இருந்தன. லாரி வந்து நின்றது. அப்போது புரொடக்ஷன் மேனேஜராக இருந்த தணிகாசலம் இரண்டு தடவை வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை அவர் வருவதற்கு முன்னால், ஸ்டீவன் சிவப்பைக் கிழித்துப் பச்சையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் அப்படி ஒரே ஒரு தடவை.

நாற்பதாயிரத்துக்கு ஒரு மத்தியானத்தில் கையெழுத்துப் போட்டவர், அதில் ஆறைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது வேர்த்து உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டை மடித்து பீரோவில் கிரேஸின் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அன்பு கேட்டபோது, சரியான போல்ட் இன்னும் கிடைக்கவில்லை என்றார். அது பொய் இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலை வாசலில் பைக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளியிருக்கிற கிறிஸ்டினா, தன் அண்ணனின் பழைய பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஏஞ்சலினோடு வேலை செய்கிற பெண். ஏஞ்சலின் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறப் போனாள். ஸ்டீவன் போய் வா என்று சொல்லத்தான் வந்தார். கண் கீழே போயிற்று. முன்சக்கரத்தருகே குந்திவிட்டார்.

டிஸ்க்கில் ஆறு குழி இருந்தது. நாலு போல்ட்தான் இருந்தது.

எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். அண்ணன் வாங்கும்போதே அப்படித்தான் அங்கிள் என்றாள் கிறிஸ்டினா, ஒளிக்காமல். ஏஞ்சலின் எவ்வளவு நாளாக இதில் போகிறாள் என்று கேட்டார். கம்பெனி பஸ் நின்ற நாளிலிருந்து என்று தெரிந்தது. பைக் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதிலேதான். இனி இந்த வண்டியில் ஏறக்கூடாது என்றார் ஸ்டீவன்.

"நைனா, நீ போல்ட்டு தேடினுக்கற. அதுவரைக்கும் நான் வேலைக்கு எதுல போறது?" என்றாள் ஏஞ்சலின். அவள் குரலை உயர்த்தவில்லை. "எட்டு மாசமா நாலு போல்ட்டுலதான் போய்க்கினு வரேன். நம்ம வண்டிக்கு ஆறு வேணும்ன்ற. அந்த ஆறு எங்க?"

பதில் கிரேஸிடமிருந்து வந்தது. அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்து, பாக்கெட்டை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தாள். "ரெண்டு மாசமா என் பொடவக்கி அடியில கீது. இன்னாத்துக்கு ஒளிச்சி வெச்சாருன்னு அவரையே கேளு."

வாசற்படியில் உட்கார்ந்து ஸ்டீவன் எல்லாவற்றையும் சொன்னார். சூளை, லாரி, இருபத்து நாலு மணி நேரம், பச்சைச் சீட்டு. கிறிஸ்டினாவும் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்தபோது, மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கிறிஸ்டினாவின் வண்டியைக் காட்டி, "அந்த நாலுல உன்னுது எதனா இருக்குமா?" என்று கேட்டாள்.

ஸ்டீவன் பூதக்கண்ணாடியோடு மறுபடி குந்தினார். தலைகள் தேய்ந்து, எழுத்தே இல்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு மாதமாகத் தன் பீரோவில் இருக்கிற ஆறைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, மீதி முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சமும் யாராவது ஒருவருடைய வண்டியில் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானமே கிறிஸ்டினாவின் வண்டியை அன்பு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்பு கழற்றிப் போட்டிருந்த பழைய ஐந்தில் உருப்படியான இரண்டைத் தேடி எடுத்து, காலியாக இருந்த குழிகளில் மாட்டினான். கழற்றியதைத் திரும்ப மாட்டவே கூடாது என்று சொன்ன மனிதர், அப்போது லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை தணிகாசலத்தின் அறைக்குப் போனார். தணிகாசலம் இப்போது பிளான்ட்டுக்கே தலைவர். பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவர், கெட்டவரில்லை. ஸ்டீவன் சொல்வதை முழுக்கக் கேட்டார். ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் போல்ட்டை எடுத்து அலமாரியில் பூட்டி வைப்பது கம்பெனி வழக்கம். அந்தப் பத்தை முறுக்கி நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்துப் பார்க்க அனுமதி வேண்டும் என்று ஸ்டீவன் கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆயிடுச்சு ஸ்டீவன். ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

"கம்ப்ளெயின்ட் பண்ண ஆளு இருக்கணும் இல்ல சார்."

தணிகாசலம் பேனாவை மூடினார். அவ்வளவு சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார்.

"லாரி நின்னுக்கினு இருந்திச்சி சார்."

அந்த லாரியை வரச்சொன்னது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தணிகாசலம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் அனுமதி என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடாமல் கொடுத்தார். ஸ்டீவன் அதைத் திருப்பி நீட்டினார். அதன் பிறகு போட்டார்.

சோதனைக்கு இடம் கிடைப்பதற்கு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளி மத்தியானம் ஒரு மணிக்குப் பத்துப் போல்ட்டையும், தலையில் அதிக பாரம் விழும்படி சாய்வான வாஷர் வைத்து, இரும்புத் தட்டில் முறுக்கினார்கள். சனிக்கிழமை ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தார். இருபத்து நாலு மணி நேரம். பத்தும் அசையாமல் இருந்தன. அன்றைக்குப் போட்ட கையெழுத்து அந்த நிமிஷம் வரைக்கும் சரிதான். வீட்டுக்குப் போகிற வழியில் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் அவரிடம் என்னவோ கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், வெள்ளைச் சட்டையோடு அப்படியே கம்பெனிக்குப் போனார். வாட்ச்மேன் செண்பகம், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பார்த்ததில்லையே என்று ரிஜிஸ்டரை நீட்டினாள். உள்ளே மெஷின்கள் நின்றிருந்தன. ஒரு மணி ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தட்டில் ஒன்பது போல்ட் வரிசையாக நின்றன. பத்தாவதன் தலை மட்டும் தனியாகத் தட்டின் ஓரத்தில் கிடந்தது. எப்போது தெறித்தது என்று தெரியாது. யாரும் தொடவில்லை. சுத்தமான முறிவு.

ஸ்டீவன் ஸ்டூலில் உட்கார்ந்து மீதிப் பத்து நிமிஷமும் காத்திருந்தார். வேறெதுவும் நடக்கவில்லை. தான் நினைத்தது சரியாக இருந்ததில் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது. ஸ்டீவன் தன் கைப்பட அறிக்கை எழுதினார். யார் எப்போது எதற்குக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் அதில் மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்று கிரேஸ் ஒரு வாரம் ஜெபம் பண்ணினாள். வேலை போகவில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தப்பைத் தானாக வந்து சொன்ன முதல் ஆள் இவர்தான் என்பதால், என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டிக் கம்பெனி கடைகளில் இருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே வண்டிகளில் ஏறிவிட்டதை அடுத்த சர்வீஸின்போது மாற்றித்தரச் சொல்லி எல்லா சர்வீஸ் கடைகளுக்கும் கடிதம் அனுப்பியது. யாருக்கும் அடிபட்டதாகத் தகவல் இல்லை. ஆறில் ஒன்று போனாலும் மீதி ஐந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கும் என்றார்கள். மணவாள நகர்க் கடைக்காரர் ஸ்டீவனின் பாக்கெட்டை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லையாம்.

இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று வண்டிக் கம்பெனி எழுத்தில் கேட்டது. சம்பந்தப்பட்ட ஆய்வாளருக்கு மறுபயிற்சி அளிக்கப்படும் என்று தணிகாசலம் பதில் எழுதினார். பயிற்சி கொடுக்கத் தகுதியுள்ளவர் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். ஆகவே ஒரு புதன்கிழமை காலை மீட்டிங் அறையில், ஸ்டீவனுக்கு ஸ்டீவன் மூன்று மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பதிவேட்டில் பயிற்சியாளர் என்ற இடத்திலும் பயிற்சி பெற்றவர் என்ற இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பரீட்சையும் உண்டு. அவரே கேள்வித்தாள் எழுதி, அவரே எழுதி, அவரே திருத்தினார். இருபதுக்குப் பதினெட்டு. பின்னால் தணிக்கைக்கு வந்தவர், எல்லா விடையும் சரியாக இருக்கிறதே, இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று கேட்டார். சோதனையை எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நாற்பத்தெட்டு என்று இந்த ஆள் சரியாக எழுதியிருந்தாலும் தான் நம்பத் தயாராக இல்லை என்றார் ஸ்டீவன். தணிக்கைக்காரர் அதை அப்படியே குறித்துக்கொண்டு போனார்.

இவ்வளவுக்கும் பிறகு, ஏஞ்சலினின் பைக் அன்பு கடையில் முன் டிஸ்க் இல்லாமலேதான் நின்றது. புதிய லாட் ஒன்று ஓடியது. சூளைக்குப் பக்கத்தில் ஸ்டீவன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாற்பத்தெட்டு மணி நேரம் ஆன பிறகும் இன்னும் ஒரு நாள் சேர்த்து வைத்தார். தணிகாசலத்துக்கே மனசு இளகிவிட்டது. அதிலிருந்து ஆறை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஆனால் கம்பெனி வாசலில் செண்பகம் பையைச் சோதிப்பாள். நல்ல போல்ட் ஒன்றுகூடக் கையில் வெளியே போகக் கூடாது என்பது விதி. ரிஜெக்ட் ஆனது என்றால் கேட் பாஸ் கிடைக்கும். ஆறை ரிஜெக்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் தணிகாசலம். கெட்டதை நல்லது என்று எழுதியவருக்கு நல்லதைக் கெட்டது என்று எழுதுவது பெரிய பாவமா என்றும் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஸ்டீவன் சிரிக்கவில்லை. வேண்டாம் சார், கடைக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. வந்த தகவல் தெரிந்ததும் ஏஞ்சலின் தன் வார விடுமுறையில் கிறிஸ்டினாவை அழைத்துக்கொண்டு மணவாள நகருக்குப் போனாள். பாக்கெட்டின் ஓரத்தில் இருந்த எண்ணைப் படமெடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். 'இது ஓகேவா' என்று கேட்டிருந்தாள்.

ஸ்டீவன் தன் மேஜையில் இருந்தார். எண்ணைப் பார்த்தார். அவர் சூளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த லாட். சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஓகே என்று அடித்தார். அழித்தார். சரி என்று அடித்தார். அதையும் அழித்தார். அப்பா எழுதிக்கொண்டே இருப்பதாகப் போன் காட்டியதைப் பார்த்துக்கொண்டு ஏஞ்சலின் கடையில் இருபது நிமிஷம் நின்றாள். கடைக்காரர் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார். கிறிஸ்டினா போனை வாங்கி நேராகவே கூப்பிட்டாள்.

"அங்கிள், கட சாத்துறாங்க. வாங்கட்டுமா, வேணாவா?"

"வாங்கும்மா," என்றார் ஸ்டீவன்.

அன்று சாயங்காலமே மாட்டினார்கள். எவ்வளவு இறுக்கம் என்று காட்டுகிற ரெஞ்சை அன்பு ஒரு சர்வீஸ் கடையிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்தான். ஏஞ்சலின்தான் முறுக்கினாள், ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரில் இருப்பது என்கிற வரிசையில். ஸ்டீவன் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து டிஸ்க் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். போல்ட் ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும்.

மறுநாளிலிருந்து ஏஞ்சலின் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டீவன் டார்ச்சோடு முன்சக்கரத்தருகே குந்துவது வழக்கமாயிற்று. ஆறு கோட்டையும் பார்த்து, எழுந்து, தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் கேட் திறக்கும். கிறிஸ்டினா இப்போது இந்த வண்டியில் பின்சீட்டு. அவளும் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பொறுமையாக நிற்கப் பழகிக்கொண்டாள்.

பதினோராவது நாள் காலையில் குந்தியவர் எழுந்திருக்கவில்லை. டார்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பினார். மஞ்சள் கோடு ஒன்றுகூட இல்லை. முகம் வெளிறிப்போய் கிரேஸைக் கூப்பிட்டார். கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நேற்று வண்டியைக் கழுவினேன், ஆறு இடத்தில் மஞ்சளாக என்னவோ தெறித்திருந்தது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன், கையே வலித்துவிட்டது என்றாள்.

ரெஞ்சை அன்பு திருப்பிக் கொடுத்துவிட்டான். பெயின்ட் காய அரை மணி நேரம் ஆகும். ஏஞ்சலின் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, டைம் ஆவுது. நகுரு."

ஸ்டீவன் ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டார். பிறகு எழுந்து ஓரமாக நகர்ந்தார். கிறிஸ்டினா ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனையில் நின்று, திரும்பி, ஹைவே பக்கம் போயிற்று. அன்று கம்பெனியில் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாக மூன்று சிவப்புச் சீட்டு ஒட்டினார் என்று பின்னால் சொன்னார்கள்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு வண்டி வீட்டுக்கு வந்தது. செக்போஸ்ட்டில் ஒரு லாரி குறுக்கே வந்ததாகவும், சட்டென்று பிரேக் பிடித்ததாகவும், வண்டி நின்றதாகவும் சொல்லிக்கொண்டே ஏஞ்சலின் உள்ளே போய்விட்டாள்.